டீசல் வேனும் ஒரு 'ம்ம்'மும்

பொள்ளாச்சியில் இருந்து வால்பாறைக்குப் போகிற ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஆரம்பித்துவிடும். புதுக் கார் வைத்திருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே மேலே போய்விடுவார்கள். பழைய டீசல் வேனில் போனவர்களுக்குத்தான் தெரியும், அந்த 40 வளைவும் செகண்ட் கியரில் எப்படிக் காதுக்குள்ளேயே ஏறுகிறது என்று!

அப்படி ஒரு வேன். ஓட்டுகிறவரே ஓனர். வயது 54. கல்யாண டிரிப், பழனி டிரிப், வால்பாறை டிரிப் எதுவானாலும் அந்த ஒரே வண்டிதான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கிய கடனை அடைத்து, மகளைப் படிக்க வைத்து, வீட்டுக்கு மேல்தளம் போட்டது எல்லாமே அந்த வேன் ஓடின ஓட்டத்தில்தான். அதனால் அதைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "சத்தம் போடற மாடுதான் நல்லா உழுகும்" என்பார். (இப்படி ஒரு பழமொழி கிடையாது. அவரே செய்தது.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வால்பாறையில் இருந்து ஒரு கல்யாணக் கூட்டத்தை இறக்கி வர வேண்டும், போகும்போது வண்டி காலி. மகளும் கூட வருகிறேன் என்றாள். அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டில் சொல்ல முடியாத விஷயத்தை அப்பாவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். 9-வது வளைவில் ஆரம்பித்து 14-வது வளைவு வரைக்கும் சொன்னாள். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாசம் சேர வேண்டும், ஹாஸ்டலும் பார்த்தாயிற்று, அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே "ம்ம்" என்றார். நடுவில் ஒரு தடவை தலையையும் ஆட்டினார். அவளுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்குப் புது சூட்கேஸ் வந்தது.

"யாருக்கு கண்ணு இது?"

"எனக்குத்தானுங்கப்பா. பெங்களூர் போறதுக்கு. அன்னிக்கு வேன்லயே சொன்னனே... நீங்களும் ம்ம்னீங்களே!"

அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. மகள் ஏதோ பேசுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. சத்தத்தில் யார் பேசினாலும் "ம்ம்" சொல்லிவிடுவது அவருடைய பல வருஷப் பழக்கம். பாசஞ்சர் "ஏசி இல்லைங்களா?" என்றாலும் "ம்ம்". "சாப்பிட எங்க நிறுத்துவீங்க?" என்றாலும் "ம்ம்".

அவர் சத்தம் போடவில்லை. சூட்கேஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே போய் வேனில் உட்கார்ந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். அப்படியே ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆஃப் செய்துவிட்டு வந்தார். இத்தனை வருஷத்தில் வண்டி போடுகிற சத்தத்தை அவர் கவனித்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

சரி, ஏன் இவ்வளவு சத்தம்? கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அதைப் பார்த்துவிடலாம்.

நம் ஊரில் 'டிராவலர்' என்றாலே ஞாபகம் வருகிற டெம்போ டிராவலர் 1987-ல் வந்தது. அதற்கு மூலம் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 1977-ல் கொண்டுவந்த டி1 என்ற வேன். (அதைத் தயாரித்த பஜாஜ் டெம்போ கம்பெனி 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது.) இந்த மாதிரி வேன்களுக்கு மூக்கு சின்னது. இன்ஜினில் பாதி வெளியே, மீதி இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில், ஒரு பெட்டி மாதிரி மூடிக்கு அடியில். டிரைவர்கள் அதையும் 'பானட்' என்றுதான் சொல்வார்கள். கூட்டம் அதிகமானால் அதன் மேல் துண்டைப் போட்டு ஒருவரை உட்கார வைப்பார்களே, அதேதான். ஆள் உட்கார இடம் கிடைத்தது உண்மை. ஆனால் டிரைவரின் முழங்காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு மூடிதான் இருக்கிறது!

அடுத்தது டீசலின் குணம். பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி விட்டுப் பற்ற வைக்கும். டீசலில் பிளக் பொறியே கிடையாது. காற்றை 20-ல் ஒரு பங்கு அளவுக்கு நசுக்கினால் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் பீய்ச்சின உடனே பற்றாது, சில மில்லி செகண்ட் கணக்கில் தாமதம் இருக்கும். அந்தத் தாமதத்தில் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமும் ஒரே அடியாகப் பற்றும்போது சிலிண்டருக்குள் சுத்தியால் அடித்த மாதிரி ஒரு அதிர்ச்சி. அதுதான் 'டக் டக் டக்'. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தாமதம் அதிகம், அதனால் சத்தமும் அதிகம். புது டீசல் வண்டிகளில் இது ஏன் குறைந்தது என்றால், காமன் ரெயில் வந்த பிறகு முதலில் ஒரு துளி மட்டும் பீய்ச்சிப் பற்ற வைத்துவிட்டு அப்புறம்தான் மீதியைப் பீய்ச்சுகிறார்கள். 1997-ல் வந்த ஆல்ஃபா ரோமியோ 156 காரில் இருந்து காமன் ரெயில் கார்களுக்குள் வந்தது. பழைய வேனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது நம்ம ஆளிடம் திரும்பலாம். அவர் மறுநாளே செய்த முதல் காரியம், எல்லோரும் செய்கிற தப்பு. நேராகக் குஷன் கடைக்குப் போய், மெத்தைக்குப் போடுகிற ஃபோமை ஒரு அங்குல கனத்தில் வாங்கி, பானட்டின் உள்பக்கம் முழுக்கப் பசை போட்டு ஒட்டினார். முதல் நாள் 'டக் டக்' கொஞ்சம் மழுங்கின மாதிரி இருந்தது. ஆனால் மேடு ஏறும்போது நெஞ்சில் வந்து உட்காருகிற அந்த 'ஊம்ம்ம்' அப்படியே இருந்தது. ஒரு வாரத்தில் கருகல் வாடை வேறு.

மெக்கானிக்கிடம் போனார். பட்டறைக்காரருக்கு இவரைவிடப் பத்து வயசு குறைவு. பானட்டைத் தூக்கிப் பார்த்தவர், ஃபோமை அப்படியே உரித்துக் கீழே போட்டார்.

"ஏனுங்கண்ணா, இன்ஜினுக்கு மேல தீப்பெட்டிய ஒட்டி வெச்சிருக்கீங்க?"

அவர் சொன்னது சரிதான். சாதா ஃபோம் ஆயிலையும் டீசலையும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெர்மாகோல், முட்டை அட்டை இதெல்லாம் அதே ரகம். சத்தத்தையும் நிறுத்தாது, நெருப்பையும் தாங்காது.

சரி, அந்த 'ஊம்ம்ம்' ஏன் குறையவில்லை? சின்னக் கணக்குதான். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிஷத்துக்கு 2400 சுற்று என்றால் செகண்டுக்கு 80 வெடிப்பு, அதாவது 80 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேலே. ஃபோம் மாதிரி பொருள்கள் நன்றாக உறிஞ்ச வேண்டும் என்றால் அலைநீளத்தில் கால் பங்கு கனமாவது வேண்டும். ஒரு மீட்டர் கனத்துக்கு ஃபோம் வைத்தால் டிரைவர் எங்கே உட்காருவது? :-) ஒரு அங்குல ஃபோம் கீச்சுச் சத்தத்தைத்தான் குறைக்கும். கனத்த சத்தத்துக்கு வைத்தியம் வேறு.

"மொதல்ல வண்டிக்கு வைத்தியம் பாக்கோணுமுங்கண்ணா. போர்வை போத்தறது அதுக்கப்புறம்" என்றார் மெக்கானிக். அவர் போன வரிசை இதுதான்.

முதலில் இன்ஜின். வண்டியை ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற பைப்பின் நட்டை ஒன்றொன்றாக லேசாகத் தளர்த்தினார். அந்த சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் போகும். எதைத் தளர்த்தும்போது 'டக் டக்' நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. மூன்றாவதைத் தளர்த்தினதும் சத்தம் பாதியானது. நாசில் டீசலைத் தூவாமல் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. (பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், அதுவும் தெரிந்தவர்கள்தான் இதைச் செய்யலாம். காமன் ரெயில் வண்டியில் கையே வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.) அப்படியே டாப்பெட் கிளியரன்ஸ், பம்ப் டைமிங் எல்லாம் பார்த்துச் சரி செய்தார். டைமிங் முன்னால் போயிருந்தாலும் இடி மாதிரி அடிக்கும்.

மேனிஃபோல்டு கேஸ்கட்டில் ஒரு கசிவும் இருந்தது. இதை வெறும் சத்தப் பிரச்சினையாக நினைக்கக் கூடாது. அந்தப் புகை நேராகப் பானட் வழியாக உள்ளே வரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. காதுக்காகப் போன இடத்தில் நுரையீரலும் தப்பித்தது.

இரண்டாவது, இன்ஜின் மவுண்டிங். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை மெல்ல விட்டபோது இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஆடியது. ரப்பர் கல்லாகி, நசுங்கி, இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருந்தன. ரப்பர் போய்விட்டால் இன்ஜினின் நடுக்கம் நேராகச் சேசிஸுக்கும், அங்கிருந்து தரைக்கும், கதவுக்கும், கூரைக்கும் போகும். வேன் முழுக்க ஒரு பெரிய தவில் மாதிரி ஆகிவிடும். எத்தனை மெத்தை போட்டாலும் அந்த 'ஊம்ம்ம்' குறையாது. மவுண்டிங்கை மாற்றி, சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பர்களையும் மாற்றியதும் 'ஊம்ம்ம்' பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது, ஓட்டை அடைப்பது. செலவு குறைவு, பலன் அதிகம். ஒரு சுவரில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் போதும், மீதிச் சுவரை மலையளவு கனமாகக் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைத் தடுக்க முடியாது. தண்ணீர்க் குடத்தில் ஒரு ஓட்டை இருக்கிற கதைதான். மெக்கானிக் ராத்திரியில் இன்ஜினுக்குள் ஒரு லைட்டைப் போட்டுவிட்டு, வேனுக்குள் எல்லா லைட்டையும் அணைத்துப் பார்க்கச் சொன்னார். பானட்டைச் சுற்றிலும், கிளட்ச் பெடல் அடியிலும், வயர் போகிற ஓட்டையிலும் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம். அடுத்து, பானட் விளிம்பில் ஒரு பேப்பரை வைத்து மூடி இழுக்கச் சொன்னார். லூசாக வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பீடிங் செத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று பக்கம் லூசாக வந்தது! புது பீடிங், வயர் ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம், பானட்டை இறுக்கிப் பிடிக்கிற கொக்கிகள். அவ்வளவுதான்.

நாலாவதாகத்தான் போர்வை. அதிலும் மூன்று வேலை, மூன்று பொருள். தகரம் அதிராமல் இருக்க ஒட்டுகிற தார் ஷீட் அல்லது அலுமினியம் ஒட்டின பியூட்டைல் ஷீட். இதைத் தரை முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. விரலால் தட்டிப் பார்த்து 'டொய்ங்' என்கிற இடத்தில், தகரத்தின் நடுப்பகுதியில், பாதி அளவு ஒட்டினாலே பெரும்பாலான பலன் வந்துவிடும். அடுத்து, சத்தத்தைத் தடுக்கக் கனமான ரப்பர் மேட். தடுப்பின் எடையை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சத்தத்தை நிறுத்துவது எடைதான், மெத்தென்று இருப்பது அல்ல. மேட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் உறிஞ்சாத மெல்லிய ஃபோம். கடைசியாக, பானட்டின் உள்பக்கம் நெருப்புப் பிடிக்காத, மேலே அலுமினியத் தாள் ஒட்டின கண்ணாடி இழை மெத்தை. எக்ஸாஸ்ட் பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வைத்தார்.

ஒவ்வொரு கட்டத்திலும் மகள் செல்போன் ஆப்பில் சத்தத்தை அளந்தாள். ஆப் சொல்வது துல்லியம் இல்லை. ஆனால் அதே போன், அதே சீட், அதே ரோடு, அதே 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் முன்னே பின்னே ஒப்பிடலாம். ஆரம்பத்தில் 88. எல்லாம் முடிந்ததும் 81. வெறும் 7-தானா என்று அவர் முகம் சுருங்கியது. டெசிபல் கணக்கு ரூபாய்க் கணக்கு மாதிரி இல்லை. 7 டெசிபல் குறைந்தால் காதில் வந்து விழுகிற ஒலிச் சக்தி ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதி. 88 என்றால் 4 மணி நேரம். அவர் ஓட்டுவது 10, 12 மணி நேரம். இத்தனை வருஷமாக.

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் மகள் அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். காதில் மாட்டிவிட்டு 'பீப்' கேட்டால் கை தூக்கச் சொல்வார்களே, அந்த டெஸ்ட். கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. சத்தத்தில் வேலை செய்கிறவர்களின் காது முதலில் பழுதாவது அந்த இடத்தில்தான். ச, ஸ, த, ப மாதிரியான எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற ஒலிகள் மேல் ஸ்தாயியில்தான் இருக்கின்றன. அதனால் யாரோ பேசுகிறார்கள் என்று கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. அந்த 'ம்ம்' வந்த வழி இதுதான். போனது திரும்ப வராது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வேனுக்கு மவுண்டிங் ரப்பர் கடையில் கிடைக்கிறது. காதுக்குக் கிடைக்காது.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை.

இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது. அதைப் பட்டறையில் மட்டும்தான் சொன்னார். "ஏன் தம்பி, வண்டி என்ன சொல்லுதுன்னு சத்தத்துலதான தெரிஞ்சுக்கறேன். அத மூடீட்டா நான் எப்படி ஓட்டறது?" நியாயமான கேள்விதான். எந்தக் கியரில் திணறுகிறது, எப்போது மாற்ற வேண்டும் எல்லாமே காதும் காலும்தானே சொல்கின்றன. மெக்கானிக் பதில் சொல்லாமல், "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கண்ணா" என்றார். ஆழியாறு வரைக்கும் போய்விட்டு வந்தவர் இறங்கினதும் கேட்டார்: "பின்னாடி எடது பக்கம் வீல்ல ஒரு 'ங்ஙீ'ன்னு சத்தம் வருதே, புதுசா?" புதுசு இல்லை. பேரிங் தேய ஆரம்பித்துப் பல நாள் ஆகியிருக்கும். பெரிய சத்தத்துக்கு அடியில் சின்னச் சத்தம் ஒளிந்துகொண்டிருந்தது. வண்டி சொன்ன பாதி விஷயம் இத்தனை நாள் அவருக்குக் கேட்கவே இல்லை. பேரிங்கையும் மாற்றிய பிறகுதான் வண்டியை மலைக்கு எடுத்தார்.

மகள் பெங்களூர் போவதற்கு நாலு நாள் முன்னால் மறுபடி ஒரு வால்பாறை டிரிப். மறுபடி காலி வண்டி. இந்தத் தடவை அவரே கூப்பிட்டார். 9-வது வளைவு வந்ததும், "இப்பச் சொல்லு கண்ணு, அன்னிக்குச் சொன்னதை" என்றார்.

அவள் முதலில் இருந்து சொன்னாள். இந்தத் தடவை "ம்ம்" வரவில்லை. கேள்விதான் வந்தது. சம்பளம் எவ்வளவு? பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு? ஹாஸ்டல் ரூமில் எத்தனை பேர்? ராத்திரி வேலை உண்டா? உண்டென்றால் யார் கொண்டுவந்து விடுவார்கள்? அந்த வேன்காரன் எப்படி? இப்படியே 20-வது வளைவு வரைக்கும் போனது.

"அப்பா, பழைய வேனே தேவலைங்கப்பா" என்றாள் அவள்.

அதுவும் அவருக்குக் கேட்டது. சிரித்தார். அப்புறம் நாலைந்து வளைவுக்கு ஒன்றும் பேசவில்லை. இன்ஜின் மட்டும் அடங்கின குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"போய்ட்டு வா கண்ணு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். தெனமும் போன் பண்ணு. நான் வண்டி ஓட்டீட்டு இருந்தா எடுக்க மாட்டேன். ஓரமா நிறுத்தி, இன்ஜின ஆஃப் பண்ணீட்டு நானே கூப்பிடறேன். இனி சும்மா ம்ம் சொல்ற வேலையே இல்ல."

"ம்ம்" என்றாள் மகள்.